கட்டிடமும் ஆளும் ஒரே படத்தில்

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவர் ஒருவர்)



இன்று நம்ம காலேஜில் கேமரா இல்லாத ஆளே கிடையாது. ஒரு காலத்தில் கல்யாண வீட்டுக்கு வரும் போட்டோகிராபரின் தோளில் மட்டும் தொங்கிய பொருள், இன்று எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. இன்டஸ்ட்ரியல் விசிட்டுக்குச் சென்னை போனால் ஒவ்வொருத்தரும் நூறு படம் எடுத்துக்கொண்டு வருகிறோம். திரும்பி வந்து பார்த்தால் என்ன இருக்கிறது? பாதிப் படத்தில் கட்டிடம் மல்லாக்க விழப் போவது போல நிற்கிறது. மீதியில் வானம் வெளுத்துப் போய்க் கட்டிடம் கரியாக இருக்கிறது. இன்னும் சிலதில் நண்பனின் முகம் மட்டும்தான். பின்னால் இருப்பது சென்னையா செங்கல்பட்டா என்றே தெரியாது.

குற்றம் கேமராவுடையது அல்ல. லட்ச ரூபாய் கேமராவைக் கையில் கொடுத்தாலும் இதேதான் வரும். நகரத்தைப் படமெடுக்க மூன்று விஷயம் தெரிய வேண்டும். ஒன்று மட்டம். இரண்டு வெளிச்சம். மூன்று மனிதர்கள். முதல் இரண்டும் நம்ம பாடப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கின்றன. மூன்றாவதைத்தான் நாம் மறந்து விடுகிறோம். சென்னையையே உதாரணமாக வைத்து மூன்றையும் விளக்கப் பார்க்கிறேன்.

கட்டிடம் ஏன் சாய்கிறது?

அண்ணா சாலையில் உள்ள எல்.ஐ.சி. கட்டிடத்தை எடுத்துக்கொள்வோம். 14 மாடி, 177 அடி, அதாவது 54 மீட்டர் உயரம். 1959-ல் திறந்தபோது இந்தியாவிலேயே உயரமான கட்டிடமாக இருந்தது. பழைய சினிமாவில் கிராமத்து ஹீரோ சென்னைக்கு வந்து இறங்கினான் என்று காட்ட இந்த ஒரு கட்டிடத்தைக் காட்டினாலே போதும்.

இதன் எதிரே பிளாட்பாரத்தில் நின்று, உச்சி தெரிய வேண்டும் என்று மொபைலை மேலே தூக்கிச் சாய்க்கிறோம். படத்தில் கட்டிடத்தின் இரண்டு ஓரமும் மேலே போகப் போக நெருங்கி, கூம்பு மாதிரி ஆகிவிடுகிறது. காரணம் எளிமையானது. ரயில் தண்டவாளம் தூரத்தில் போகப் போக ஒன்று சேர்வது போலத் தெரிகிறதல்லவா? தரையில் கிடக்கும் தண்டவாளத்துக்கு நடப்பதே, கேமராவைச் சாய்த்தால் நிற்கும் சுவருக்கும் நடக்கிறது. கேமராவுக்குள் படம் விழும் தளமும் சுவரும் இணையாக இருக்கும் வரை, செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே விழும். சாய்த்தால் கூம்பும்.

சிவில் பசங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. சர்வே பிராக்டிகலில் லெவல் கருவியை வைத்ததும் முதலில் என்ன செய்கிறோம்? பபிளை நடுவுக்குக் கொண்டு வருகிறோம். கேமராவுக்கும் அதே சட்டம்தான். மொபைலில் கிரிட் கோடுகளை ஆன் செய்து கொள்ளுங்கள். கட்டிடத்தின் ஓரத்தை அந்தக் கோட்டோடு ஒட்டிப் பாருங்கள். மட்டமாக இருந்தால் ஒட்டும், சாய்ந்திருந்தால் விலகும்.

"மட்டமாகப் பிடித்தால் உச்சி வெட்டுப்படுமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் கணக்கில் இருக்கிறது.

சின்னக் கணக்கு

படத்தில் விழும் உயரம் = லென்ஸின் குவியத் தூரம் × உண்மை உயரம் ÷ இருக்கும் தூரம். இவ்வளவுதான் சூத்திரம். பத்தாம் வகுப்பு வடிவொத்த முக்கோணம்தான் இது.

35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் ஒரு ஃபிரேம் 24 × 36 மி.மீ. இன்றைய பெரிய டிஜிட்டல் கேமராக்களிலும் இதே அளவு உண்டு. மொபைலின் மெயின் கேமராவும் அந்த அளவில் 24 முதல் 28 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சியைத்தான் ஏறக்குறையக் காட்டுகிறது. கேமராவை நெட்டுக்குத்தாக, 28 மி.மீ. லென்ஸுடன், கண் உயரமான 1.5 மீட்டரில் மட்டமாகப் பிடிப்போம். ஃபிரேமின் நடுக்கோட்டுக்கு மேலே 18 மி.மீ., கீழே 18 மி.மீ. எல்.ஐ.சி.யின் 54 மீட்டரில் நம் கண் உயரம் போக மேலே இருப்பது 52.5 மீட்டர். அது 18 மி.மீ.க்குள் அடங்க வேண்டுமானால்,

28 × 52.5 ÷ 18 = ஏறக்குறைய 82 மீட்டர்.

82 மீட்டர் தள்ளி நின்றால் கேமராவைச் சாய்க்காமலே உச்சி வரை கிடைக்கும். மனக்கணக்காக வைத்துக்கொள்ள, கட்டிடத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் பின்னால் போக வேண்டும். நேர் எதிரே அவ்வளவு இடம் கிடைப்பது கஷ்டம். அப்போது செய்யக் கூடியவை:

1. சாலையோடு தள்ளிப் போய், மூலையிலிருந்து கோணமாக எடுக்கலாம். கட்டிடத்தின் இரண்டு முகமும் தெரிவதால் கனமும் விளங்கும்.

2. அனுமதி வாங்கி, எதிர்க் கட்டிடத்தின் நடு மாடிக்கு ஏறலாம். பாதி உயரத்தில் நின்றால் தேவையான தூரம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும்.

3. சாய்த்தே எடுத்துவிட்டு, பிறகு மொபைலில் உள்ள பெர்ஸ்பெக்டிவ் வசதியால் நிமிர்த்தலாம். ஓரங்கள் கொஞ்சம் வெட்டுப்படும். ஆகவே எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விட்டு எடுங்கள்.

4. நன்றாகவே சாய்த்து எடுக்கலாம். அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும் பிரமிப்பைக் காட்ட வேண்டுமானால் அது தப்பே இல்லை. அரைகுறைச் சாய்வுதான் கண்ணை உறுத்தும்.

கீழ்ப்பாதி யாருக்கு?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 82 மீட்டரில் மட்டமாகப் பிடித்த அந்தப் படத்தில் கட்டிடம் மேல்பாதியில் அடங்கிவிட்டது. கீழ்ப்பாதியில் என்ன இருக்கிறது? நம் காலடியிலிருந்து 2.3 மீட்டர் தள்ளித் தொடங்கி, கட்டிடத்தின் வாசல் வரை வெறும் தெரு. "பாதிப் படம் ரோடா, வேஸ்ட்" என்று நிறையப் பேர் அதை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. அந்தக் கீழ்ப்பாதி தெருவில் இருப்பவர்களுக்கு உரியது.

அதே சூத்திரத்தைப் போடுங்கள். 1.6 மீட்டர் உயரமுள்ள ஒருவர் எல்.ஐ.சி. வாசலில் நின்றால், படத்தில் அவர் உயரம் வெறும் 0.55 மி.மீ. எறும்பு. அவரே நமக்கு 5 மீட்டர் தூரத்தில் நடந்து வந்தால் 9 மி.மீ., கட்டிடத்தில் பாதி. 2.5 மீட்டரில் நின்றால் ஏறக்குறைய 18 மி.மீ.! அதாவது 14 மாடியும் அந்த ஒரு மனிதரும் படத்தில் சம உயரம். மேல்பாதி முழுக்கக் கட்டிடம், கீழ்ப்பாதி முழுக்க ஆள். பூ விற்கும் அம்மாவோ, பஸ்ஸுக்கு நிற்கும் பெரியவரோ, யாராக இருந்தாலும் சரி.

இன்னொரு அதிசயம் பாருங்கள். கேமரா நம் கண் உயரத்தில் மட்டமாக இருந்தால், சம தரையில் நிற்கும் நம் உயரமுள்ள அத்தனை பேருடைய கண்களும் படத்தின் நடுக்கோட்டிலேயே விழும். பக்கத்தில் நின்றாலும் சரி, 80 மீட்டர் தள்ளி நின்றாலும் சரி. லெவல் கருவியின் பார்வைக் கோடு எல்லா ஸ்டாஃபையும் ஒரே உயரத்தில் வெட்டுவது போலத்தான் இதுவும். மட்டமாகப் பிடித்த படத்தில் கூட்டமே வரிசை கட்டி நிற்பதன் ரகசியம் இதுதான்.

நாம் வரையும் டிராயிங்கில் மூலையில் ஸ்கேல் எழுதுகிறோம். எழுதாவிட்டால் சார் மார்க்கைக் குறைத்து விடுவார். போட்டோவில் ஸ்கேல் எழுத இடமில்லை. அங்கே ஆள்தான் ஸ்கேல். ஆள் இல்லாத கட்டிடப் படம் தெர்மோகோல் மாடல் மாதிரி இருக்கும். எத்தனை பெரியது என்று மனசுக்கு எட்டாது.

பக்கத்து ஆளும் தூரத்துக் கட்டிடமும் இரண்டுமே தெளிவாக வருமா என்ற சந்தேகம் வரும். 28 மி.மீ. லென்ஸில் அப்பர்ச்சரை எஃப்/11-ல் வைத்து, 2.5 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், ஏறக்குறைய 1.2 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக வரும். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/250 விநாடி சரியாக இருக்கும். நடந்து போகிறவர்கள் கலங்காமல் நிற்கவும் இந்த வேகம் போதும். ஓடும் பஸ்ஸை மட்டும் கோடாக இழுக்க ஆசைப்பட்டால், மாலை வெளிச்சத்தில் 1/15 விநாடி வைத்துக் கேமராவை அசையாமல் பிடியுங்கள். மொபைலில் ஐ.எஸ்.ஓ.வும் ஷட்டரும் ஃபோகஸும் புரோ மோடில் இருக்கும். லென்ஸ் கண்ணாடியைச் சட்டைத் துணியால் ஒரு துடை துடைப்பதையும் மறக்காதீர்கள்.

சூரியன் எந்தப் பக்கம்?

வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போதாது. எந்தச் சுவருக்கு எப்போது வெயில் விழும் என்று தெரிய வேண்டும். சென்னைக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. மெரினாவைப் பார்த்து நிற்கும் மாநிலக் கல்லூரியின் 1870-ஆம் ஆண்டுக் கட்டிடத்துக்கும், ஐஸ் ஹவுஸ் என்று சொல்லும் விவேகானந்தர் இல்லத்துக்கும் காலை வெயில்தான் முகத்தில் விழும். காலை ஏழு மணிக்குப் போனால் செங்கல் செங்கல்லாகத் தெரியும். சாயங்காலம் போனால் சூரியன் அவற்றுக்குப் பின்னால் போய்விடும். முன்முகம் நிழல்தான்.

சென்ட்ரல் பக்கத்தில் 1913-ல் திறக்கப்பட்ட வெள்ளை ரிப்பன் கட்டிடம் தெற்குப் பார்த்தது. இங்கே ஒரு பூகோளப் பாடம் இருக்கிறது. சென்னை வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் மறுபடி உச்சிக்குத் திரும்புகிறது. ஜூன் மாதத்தில் நாள் முழுக்கவே சூரியன் வடக்குப் பக்கம். அதனால் ரிப்பன் கட்டிடத்தின் முன்முகத்துக்கு அப்போது நேர் வெயிலே கிடையாது. டிசம்பரிலோ நண்பகலில் கூடத் தெற்கே 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். வளைவும் தூணும் நிழலோடு எடுப்பாகத் தெரியும். "ஒரே கட்டிடம், அவன் படம் நல்லா வந்திருக்கு, எனக்கு வரலை" என்று வருத்தப்படாதீர்கள். அவன் போன மாதத்தைக் கேளுங்கள்.

தூரத்திலிருந்து நகரத்தின் வான்விளிம்பை, அதாவது ஸ்கைலைனை எடுக்க, மெரினா மணலில் சாயங்காலம் மேற்கே திரும்பி நில்லுங்கள். சூரியன் நகரத்துக்குப் பின்னால் இறங்கும்போது கட்டிடங்கள் எல்லாம் நிழலுருவாக நிற்கும். சூரியன் மறைந்த பிறகு ஏறக்குறைய 20 நிமிடம் பொன்னான நேரம். வானம் நீலம் போகாமல் இருக்கும், ஜன்னல் விளக்குகளும் எரியத் தொடங்கியிருக்கும், இரண்டு வெளிச்சமும் சமமாக இருக்கும். அதற்கு மேல் வானம் கறுத்துவிட்டால் விளக்குகள் மட்டும் புள்ளி புள்ளியாக நிற்கும். டிரைபாட் இல்லையென்றால் சுவரில் புத்தகத்தை வைத்து, அதன்மேல் மொபைலைச் சாய்த்து, டைமர் போட்டு எடுக்கலாம். காசு செலவில்லாத டிரைபாட்!

ஸ்கைலைன் படத்தில் கட்டிடங்கள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினாற்போல நெருங்கித் தெரிவதற்கும் கணக்கு உண்டு. ஒரே உயரமுள்ள இரண்டு கட்டிடங்கள், ஒன்று 100 மீட்டரிலும் இன்னொன்று 200 மீட்டரிலும் இருந்தால், பின்னால் இருப்பது பாதியாகத் தெரியும். நாம் 900 மீட்டர் பின்னால் போனால் தூரம் 1000, 1100 மீட்டர் ஆகிறது. இப்போது பின்னால் இருப்பது முன்னதில் 91 சதவீதம். நெருக்கத்தை உண்டாக்குவது நாம் நிற்கும் தூரம். ஜூம் லென்ஸ் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

படத்தில் நின்ற முதல் ஆள்

நகரத்தைப் படமெடுப்பது கேமரா பிறந்த நாளிலிருந்தே தொடங்கிவிட்டது. 1838-ல் பாரிஸ் நகரத்தில் டாகேர் என்பவர் உயரமான இடத்திலிருந்து பூல்வார் து தாம்ப்ல் என்ற பெரிய தெருவைப் படமெடுத்தார். வண்டிகளும் ஆட்களும் நிறைந்த தெரு. ஆனால் படத்தில் தெரு காலி! அந்தக் காலத்துத் தகட்டில் படம் விழப் பல நிமிடம் ஆகும். ஓடியதும் நடந்ததும் எதுவும் பதியவில்லை. ஒரு மூலையில் மட்டும் ஒருவர் உருவம் இருக்கிறது. அவர் காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு அசையாமல் நின்றவர். பாலிஷ் போடுகிறவரின் உருவமும் மங்கலாகத் தெரிகிறது. போட்டோவில் பதிந்த முதல் மனிதர்களில் ஒருவர் தெருவோரத் தொழிலாளி என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் சந்தோஷமாக இருக்கும்.

அடுத்து ஒரு பெயரை நினைவில் வையுங்கள். லூயிஸ் ஹைன். நியூயார்க்கில் 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டிடம் 1930-ல் எழும்பியபோது, அதைப் படமெடுக்கப் பொறுப்பேற்றவர். 1931 மே 1-ஆம் தேதி கட்டிடம் திறக்கப்பட்டது. அவர் கட்டிடத்தோடு நிறுத்தவில்லை. கம்பியைப் பிடித்தவர், போல்ட் முடுக்கியவர், கயிற்றில் தொங்கியவர் என்று வேலையாட்களோடு தானும் உயரத்துக்கு ஏறிப் படமெடுத்தார். அதற்கு முன்னால் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த சிறுவர்களைப் படமெடுத்து, குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிராக நாட்டையே பேச வைத்தவர் இவர். உலகத்தில் உயரமான கட்டிடங்கள் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. அந்த ஆட்களின் முகங்கள் இன்னும் அந்தப் படங்களில் இருக்கின்றன.

எங்கம்மா

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கம்மா சித்தாள் வேலை பார்ப்பவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என் பீஸில் பாதி அவர் சட்டி சுமந்த காசு. எங்க ஊரில் பஸ் ஸ்டாண்ட் தாண்டி எட்டு மாடி அபார்ட்மென்ட் ஒன்று இருக்கிறது. அதன் விளம்பர நோட்டீஸில் கட்டிடம் பளபளவென்று நிற்கும், கீழே கார் நிற்கும், ஒரு ஜனம் இருக்காது. அந்தக் கட்டிடத்தில் எங்கம்மா ஒன்றரை வருடம் வேலை பார்த்தார். அவரிடம் அதற்கு அடையாளமாக ஒரு துண்டுச் சீட்டு கூடக் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அங்கே கூட்டிப் போனேன். 25 மீட்டர் உயரம் என்று கணக்கு வைத்து, எதிரே இருந்த காலி மனையில் ஐம்பது எட்டு பின்னால் போய் நின்றேன். "என்னை எதுக்குடா எடுக்கிற? கட்டடத்தை எடு" என்றார். "ரெண்டையும்தாம்மா எடுக்கிறேன்" என்று சொல்லி, இரண்டரை மீட்டரில் அவரை நிற்க வைத்தேன். மேல்பாதி எட்டு மாடி, கீழ்ப்பாதி எங்கம்மா. படத்தைக் காட்டியதும் அவர் தன் முகத்தைப் பார்க்கவில்லை. விரலால் மாடியை எண்ணினார். "இந்தா, இந்த அஞ்சாவது மாடி வரைக்கும் நாங்கதான் கலவை தூக்கினோம். அதுக்கு மேல லிஃப்ட் வச்சுட்டாங்க" என்றார்.

கட்டிடக் கலைஞர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. திறந்து வைத்தவர் பெயரும் இருக்கிறது. நாளைக்கு டிப்ளமோ முடித்து சைட்டுக்குப் போகும்போது நம் பெயரும் ஏதாவது ரிஜிஸ்தரில் இருக்கும். கலவை தூக்கியவருக்கு ஒரு படமாவது இருக்கட்டுமே.

கேட்டு எடுங்கள்

ஆள் வேண்டும் என்பதற்காக யாரை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. ஸ்கேல் என்று சொன்னாலும் அவர் ஸ்டாஃப் கட்டை அல்ல. சில பழக்கங்களைச் சொல்கிறேன்.

பக்கத்தில் எடுப்பதானால் கேளுங்கள். "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்க ஐந்து விநாடி ஆகாது. வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். வறுமையையும் நோயையும் வேடிக்கையாக எடுக்காதீர்கள். குழந்தைகளை எடுக்கப் பெற்றவரைக் கேளுங்கள். பெண்களைத் தூரத்திலிருந்து ஜூம் போட்டு எடுப்பது போட்டோகிராபி அல்ல, பொறுக்கித்தனம். எடுத்த படத்தை அவரிடம் காட்டுங்கள். முடிந்தால் ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். அடுத்த முறை போனால் டீ கிடைக்கும்!

படமெடுக்கத் தடை என்று போர்டு இருக்கும் இடத்தில் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம். நடு ரோட்டில் நிற்கவே வேண்டாம். 82 மீட்டர் வேண்டும் என்று பின்னால் பார்க்காமல் நடந்தால் பஸ்ஸுக்கு நம்ம கணக்கு தெரியாது.

கூட்டமான இடத்தில், உதாரணமாக தி.நகர் ரங்கநாதன் தெருவில், ஆளைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் நல்ல பின்னணியையும் வெளிச்சத்தையும் தேர்ந்தெடுத்து, மட்டம் பார்த்து ஓரமாக நில்லுங்கள். ஆட்கள் தானாக வருவார்கள். பத்து நிமிடம் பொறுமையாக நிற்பவனுக்குக் கிடைக்கும் படம், ஓடி ஓடி நூறு எடுத்தவனுக்குக் கிடைக்காது.

நிறைவாக

மட்டம் பாருங்கள். உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் பின்னால் போங்கள். சூரியன் எந்தப் பக்கம் என்று விசாரியுங்கள். கீழ்ப்பாதியை வெட்டாதீர்கள். கேட்டு எடுங்கள். இந்த ஐந்துக்கும் ஒரு பைசா செலவு கிடையாது.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஆண்டும் மலரின் அட்டையில் நம்ம மெயின் பிளாக்கின் படம்தான் வருகிறது. ஆளில்லாத படம். அடுத்த ஆண்டு அந்தக் கட்டிடத்தின் முன்னால் வாட்ச்மேன் அண்ணனும், கேன்டீன் அக்காவும், தினமும் காலையில் வராந்தா பெருக்கும் ஆயாவும் 2.5 மீட்டரில் நிற்கட்டும். படத்தை எடுக்க நான் தயார். யாராவது ஸ்டாஃப் ரூமில் அனுமதி வாங்கிக் கொடுத்தால் போதும்.